கோரிக்கையில் தொடங்கி ஒப்பந்தம் வரை: ஒரு மக்கள் போராட்டத்தை நடத்தும் வேலை

கூட்டம் திரண்டது, முழக்கம் எழுந்தது, மாலைச் செய்தியில் அரை நிமிடம் காட்டினார்கள். மறுநாள் காலை எல்லாம் பழையபடியே இருக்கிறது. இப்படிக் கலைந்துபோகும் போராட்டங்களைப் பார்த்துவிட்டு "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது எளிது. பெரும்பாலும் அது உண்மையில்லை. வந்தவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. தெருவில் தெரிவது வேலையின் சிறு பகுதி. மீதியெல்லாம் பட்டியல், பேச்சு, கணக்கு, ஒத்திகை, காத்திருப்பு. கீழே சொல்லப்படுவது அந்த மீதியைப் பற்றி.

இங்கே பேசப்படுவது ஆயுதம் எடுக்காத போராட்டம். அதற்கு அறம் ஒரு காரணம், கணக்கு இன்னொரு காரணம். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஒப்பிட்டார்கள். ஆட்சியை இறக்குவது, அந்நியப் படையை வெளியேற்றுவது போன்ற பெரிய இலக்குகள் கொண்டவை அவை. வன்முறையற்றவற்றில் 53 விழுக்காடும் வன்முறையில் இறங்கியவற்றில் 26 விழுக்காடும் வெற்றி பெற்றிருந்தன. காரணம் புரியாததல்ல. முதியவர், கைக்குழந்தைக்காரி, நாளை வேலைக்குப் போயே ஆக வேண்டியவர் எல்லாரும் சேர முடிகிற இடத்தில்தான் எண்ணிக்கை பெருகும். கல் பறக்கத் தொடங்கினால் முதலில் வீடு திரும்புவது இவர்கள்தான். இதே ஆய்வுத் தரவிலிருந்து கிளம்பிய "மக்கள்தொகையில் 3.5 விழுக்காடு பேர் இறங்கினால் வெற்றி நிச்சயம்" என்ற பேச்சை மட்டும் மந்திரம்போல் ஓத வேண்டாம். அது கடந்த காலத்தில் கண்ட ஒரு போக்கு. தலையை எண்ணி முடித்ததும் கதவு தானாகத் திறக்கும் என்று அது சொல்லவில்லை.

குறையைக் கோரிக்கையாக்குவது

"இங்கே எதுவும் சரியில்லை" என்பது குறை. ஒருவர் கையெழுத்துப் போட்டு நிறைவேற்றக்கூடியது கோரிக்கை. "மருத்துவ வசதியை மேம்படுத்து" என்று கேட்டால், "மேம்படுத்திக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "இந்த மருத்துவமனையில் இரவு 8 முதல் காலை 8 வரை ஒரு மருத்துவர் பணியில் இருக்க வேண்டும், அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து" என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது. இரவு 9 மணிக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எழுதிய கோரிக்கையை மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள். இதில் கையெழுத்திடும் அதிகாரம் எந்த ஒரு ஆளுக்கு, அல்லது எந்த ஒரு குழுவுக்கு இருக்கிறது? நிறைவேறியதா இல்லையா என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல முடியுமா? எந்தத் தேதிக்குள்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் நோட்டீஸ் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

சிறிய கோரிக்கை என்று வெட்கப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955இல் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது கேட்டவை மூன்றே: ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வந்தவர் முதலில் உட்கார வேண்டும், கறுப்பின மக்கள் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும். முதலில் வந்தவர் முதலில் என்பதிலும் கறுப்பின மக்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வர வேண்டும் என்றே இருந்தது. இனப் பாகுபாட்டையே ஒழிக்க வேண்டும் என்று அது தொடங்கவில்லை. அந்தச் சிறியதைக்கூடத் தர மறுத்தவர்கள்தான் முழுதையும் இழந்தார்கள். இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி. அந்த ஊரில் 1961-62இல் பாகுபாட்டின் எல்லா வடிவங்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். கையில் எதுவும் வரவில்லை. ஏதாவது ஒன்றைக் குறிவைத்திருக்க வேண்டும் என்பது மார்ட்டின் லூதர் கிங் பின்னர் தானே எடுத்துக்கொண்ட பாடம். 1963இல் பர்மிங்ஹாமில் நகர மையத்துக் கடைகளைக் குறிவைத்தார்கள். ஈஸ்டர் வியாபாரம் படுத்தது. மே 10இல் ஒப்பந்தம் வந்தது.

யார் முடிவெடுக்கிறார், எதன்மேல் நிற்கிறார்

ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் அந்த ஆளின் பதவியை எழுதுங்கள். அவர் தன் நாற்காலியில் நிலைக்க யார் யாருடைய ஒத்துழைப்பு வேண்டும் என்று சுற்றிலும் எழுதுங்கள்: மேலதிகாரி, வாக்காளர், வாடிக்கையாளர், முதலீட்டாளர், கடைநிலை ஊழியர், ஓட்டுநர், எழுத்தர், செய்தியாளர், மத நிறுவனம், காவல்துறை. ஒவ்வொன்றின் அருகிலும் இரண்டு குறிப்புகள்: அவர்களில் நமக்குத் தெரிந்தவர் யார்? அவர்கள் ஒரு வாரம் ஒத்துழைக்காவிட்டால் என்ன நிற்கும்? இரண்டாவது கேள்விக்கு "ஒன்றும் நிற்காது" என்று பதில் வந்தால் அவர்களைக் கவர நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இன்னொரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள். நம்மோடு உழைப்பவர், அனுதாபி, இரண்டும் கெட்டான், எதிர்ப்பக்கம் சாய்ந்தவர், தீவிர எதிரி. மாற்றம் நடப்பது ஐந்தாவது பத்தியில் இருப்பவரை முதலாவதுக்கு இழுத்துவந்து அல்ல. ஒவ்வொரு பத்தியிலும் சிலரை ஒரு படி மட்டும் நகர்த்தினால் போதும். அனுதாபி வேலைக்கு வர வேண்டும், நடுவில் இருப்பவர் அனுதாபியாக வேண்டும், சாய்ந்தவர் பேசாமல் இருக்க வேண்டும். தீவிர எதிரியோடு சமூக வலைத்தளத்தில் இரவெல்லாம் மல்லுக்கட்டுவது போராட்டத்தில் மிக அதிகமாக வீணாகும் உழைப்பு. அந்த நேரத்தில் நான்கு அனுதாபிகளின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கலாம்.

ஆளுக்கு ஆள் பேசுவது

கூட்டத்தில் பேசுவதால் ஏற்கெனவே நம்பியவர்கள் கைதட்டுவார்கள். நம்பாதவர் நகர்வது தனியாக, நேரில், அரை மணி நேரம் பேசும்போதுதான். அந்த அரை மணியில் இருபது நிமிடத்துக்கு மேல் அவர் பேச வேண்டும். வரிசை இப்படி: முதலில் அவருக்கு இந்த விஷயத்தில் என்ன உறுத்துகிறது என்று கேளுங்கள். அது ஏன் அப்படியே இருக்கிறது என்று நினைக்கிறார், யார் நினைத்தால் மாறும் என்று கேளுங்கள். பிறகு திட்டத்தைச் சொல்லுங்கள். கடைசியாகத் திட்டவட்டமாக ஒன்றைக் கேளுங்கள்: "வியாழன் மாலை 6 மணிக்கு வருவீர்களா? உங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவர முடியுமா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாமே "பரவாயில்லை, முடிந்தால் வாருங்கள்" என்று சொல்லித் தப்பவிடுவது தொண்டர்கள் செய்யும் வழக்கமான தவறு. "முடிந்தால் வாருங்கள்" என்றால் வரமாட்டார்.

"வேலை போய்விடுமே" என்று அவர் பயத்தைச் சொன்னால் மறுக்காதீர்கள். போகக்கூடும் என்பது உண்மை. அப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருப்பதைச் சொல்லுங்கள். முடிவுசெய்து வைக்கவில்லையென்றால் முதலில் அதை முடித்துவிட்டு அவரிடம் போங்கள்.

பேசி முடித்ததும் பெயர், எண், தேதி, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். 1 என்றால் மற்றவரைத் திரட்டுபவர், 5 என்றால் எதிர்த்து வேலைசெய்பவர். மதிப்பெண்ணை அவர் சொன்னதை வைத்துப் போடாதீர்கள், செய்ததை வைத்துப் போடுங்கள். "முழு ஆதரவு" என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்கும் வராதவர் 3தான். இந்தப் பட்டியல் எதிர்த்தரப்பின் கையில் சிக்கினால் ஆபத்து. பெயர்களைக் குறியீட்டில் எழுதி, முழுப் பட்டியலையும் ஒரே ஆளிடம் அல்லது ஒரே போனில் வைக்காமல் பிரித்து வையுங்கள்.

ஒரு தொடர்பாளருக்குப் பத்துப் பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். 400 பேர் கொண்ட இயக்கத்துக்கு 40 தொடர்பாளர்கள், அவர்களுக்கு மேல் நான்கைந்து ஒருங்கிணைப்பாளர்கள். வாட்ஸ்அப் குழு இந்த அமைப்புக்கு மாற்று ஆகாது. செய்தியை அனுப்ப அது நல்லது, முடிவெடுக்க உதவாது: 200 பேர் இருக்கும் குழுவில் ஏழெட்டுப் பேர்தான் பேசுகிறார்கள், மற்றவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி பூட்டிவிடுங்கள், விவாதத்தை நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நாளுக்கு முன் சின்னச் சோதனை

வேலைநிறுத்தமோ பேரணியோ அறிவிப்பதற்கு முன் எளிதான, வெளியே தெரியக்கூடிய ஒன்றைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். எல்லாரும் திங்கட்கிழமை கறுப்புப் பட்டை அணிவது, கோரிக்கை மனுவில் பெயர் தெரியக் கையெழுத்திட்டு அதைப் பொதுச் சுவரில் ஒட்டுவது போன்றவை. பட்டியலில் 400 பேர் இருந்து 120 பேர் பட்டை அணிந்தால் நம் பலம் 120. மீதி 280 பேர் யார் பொறுப்பில் இருந்தார்கள் என்று பார்த்தால் எந்தத் தொடர்பாளர் வேலைசெய்யவில்லை, எந்தப் பகுதியில் பயம் கூடுதல் என்று தெரிந்துவிடும். நான்கில் மூன்று பங்குக்குக் குறைவாக வந்தால் பெரிய நாளைத் தள்ளிப்போடுங்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. நம்மைத் தவிர யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

மாண்ட்கமரி மக்களும் ஓராண்டுப் புறக்கணிப்பை அறிவித்துவிட்டு இறங்கவில்லை. வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1இல் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சனும் உடனிருந்தவர்களும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தார்கள். டிசம்பர் 5, ஒரே ஒரு நாள் பேருந்தில் ஏறாதீர்கள் என்றுதான் அதில் இருந்தது. அன்று பேருந்துகள் காலியாக ஓடின. அதைக் கண்ணால் பார்த்த பிறகே அன்று மாலை கூடிய கூட்டத்தில் தொடர்வதென்று முடிவெடுத்தார்கள். துண்டறிக்கை ஒரே இரவில் வந்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். ராபின்சன் சார்ந்த பெண்கள் அமைப்பு 1954 மே மாதமே மேயருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தது, விநியோகிக்க வேண்டிய ஆட்களை முன்பே தெரிந்துவைத்திருந்தது என்பதைப் பேசுவதில்லை.

எந்த வடிவம்?

பேரணியும் உண்ணாவிரதமும் மட்டுமே போராட்டம் என்று நினைப்பவர்கள் அதிகம். வன்முறையற்ற போராட்டங்களை ஆராய்ந்த அமெரிக்கர் ஜீன் ஷார்ப் 1973இல் 198 முறைகளைப் பட்டியலிட்டார். அத்தனையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு யோசனைக்கும் மூன்று கணக்குப் போட்டால் போதும்: இதனால் அவர்களுக்கு என்ன இழப்பு? நமக்கு என்ன இழப்பு? நம் பட்டியலில் எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும்? அவர்களுக்கு இழப்பே இல்லாததை ஒருமுறை செய்யலாம், பத்து முறை செய்யக் கூடாது.

அடக்குமுறை கடுமையாக இருந்தால் ஆட்களை ஓரிடத்தில் குவிக்காமல் சிதறடியுங்கள். சிலியில் 1983இல் தாமிரச் சுரங்கத் தொழிலாளர்கள் முதலில் வேலைநிறுத்தம் என்றுதான் அறிவித்தார்கள். ராணுவம் சுரங்கங்களைச் சூழ்ந்ததும் திட்டத்தை மாற்றினார்கள். மே 11 அன்று மெதுவாக நடப்பது, மெதுவாக வண்டி ஓட்டுவது, இரவு 8 மணிக்கு வீட்டிலிருந்தே பாத்திரம் தட்டுவது. எந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறது என்று பார்த்துக் கைது செய்ய ராணுவத்தால் முடியவில்லை. பத்தாண்டு சர்வாதிகாரத்தில் தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு, தெருவே தட்டுகிறது என்று அன்று காதால் கேட்டது.

பெயரிடுவதிலும் கணக்கு இருக்கிறது. 1975 அக்டோபர் 24இல் ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் நிறுத்தினார்கள். அதை "வேலைநிறுத்தம்" என்று அழைக்கவில்லை, "பெண்களின் விடுமுறை நாள்" என்றார்கள். தீவிரமாகத் தோன்றாததால் தயங்கியவர்களும் சேர்ந்தார்கள். மறுஆண்டே சம உரிமைச் சட்டம் வந்தது.

ஏணிப்படிபோல் வரிசைப்படுத்துங்கள்: மனு, பதிலுக்கான கெடு, சிறு ஆர்ப்பாட்டம், ஒருநாள் நிறுத்தம், தொடர் நிறுத்தம். ஒவ்வொரு படிக்கும் இடையில் அவர்கள் இறங்கிவர நாள் கொடுங்கள். முதல் நாளே "காலவரையற்ற" என்று அறிவித்துவிட்டால் ஏறுவதற்கு மேலே படியில்லை. பத்தாம் நாள் ஆள் குறையும், அதை அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். தொடர் போராட்டத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். மாண்ட்கமரியில் பேருந்தில் ஏறாதே என்று சொன்னவர்கள் சுமார் 300 கார்களைத் திரட்டி, ஏறும் இடமும் நேரமும் குறித்து ஓட்டினார்கள். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அந்த வாகன ஏற்பாடு இல்லாவிட்டால் மன உறுதி எத்தனை வாரம் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

உண்ணாவிரதம் பற்றி ஒரு சொல். அதைத் தொடக்கப் படியாக வைக்காதீர்கள். நம் உயிர்மேல் அக்கறை இல்லாதவரிடம் அது செல்லாது. இருந்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரும் உப்பும் உள்ளே போக வேண்டும், தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும், நாள்தோறும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஐந்து நாளைத் தாண்டிவிட்டால் முடிக்கும் நேரமே ஆபத்தானது. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயத்தைப் பாதிக்கும். பழரசம் கொடுத்துப் படம் எடுத்தபின் என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பேரணி நாளின் கணக்குகள்

வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முந்தைய நாள் மாலை தொடர்பாளர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து "எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எதில் வருகிறீர்கள்" என்று கேட்டால் இந்த எண்ணிக்கை கூடும். "வருகிறீர்களா" என்று மட்டும் கேட்டால் கூடாது.

இடத்தை அளந்து பாருங்கள். ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் வகுத்த முறை இன்னும் பயன்படுகிறது: தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி. அதாவது 50 மீட்டருக்கு 20 மீட்டர் இடத்தில் தளர்வாக 1,000 பேர், நெருக்கமாக 2,400 பேர். அங்கே பத்தாயிரம் பேர் வந்ததாகச் செய்தியாளரிடம் சொன்னால் அடுத்தமுறை உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எதிர்பார்க்கும் கூட்டம் தளர்வாக நிற்கையில் முக்கால்வாசி நிறையும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 500 பேர் சிறிய இடத்தில் நிறைந்து நிற்பார்கள், பெரிய மைதானத்தில் தொலைந்துபோவார்கள். ஆனால் சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் கூட்டம் நீர்போல் அலையத் தொடங்கும், தனியாள் தன் காலில் நிற்க முடியாது. நெரிசல் சாவுகள் அங்கேதான் நடக்கின்றன. வெளியேற இரண்டு வழியாவது திறந்திருக்க வேண்டும், இரண்டிலும் தொண்டர் நிற்க வேண்டும்.

நடைக்கும் கணக்கு உண்டு. வரிசைக்கு நான்கு பேர், வரிசைகளுக்கிடையே ஒன்றரை மீட்டர் என்றால் 1,000 பேரின் நீளம் 375 மீட்டர். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சந்திப்பைக் கடக்க 9 நிமிடம். இந்த எண்ணைப் போக்குவரத்துக் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தகராறு குறையும். மெதுவாக நடப்பவர்களை முன்னால் விடுங்கள். இளைஞர்கள் முன்னால் போனால் பத்தாவது நிமிடம் பேரணி இரண்டாக அறுந்துவிடும்.

பொறுப்புகளைப் பெயரோடு பிரியுங்கள்: காவல்துறையோடு பேச ஒருவர், அவருக்கு மாற்றாள் ஒருவர், செய்தியாளரிடம் பேச இருவர், ஐம்பது பேருக்கு ஒரு தொண்டர், எப்போதும் இருவர் இருவராக, முதலுதவி, தண்ணீர், வெயிலென்றால் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், படமெடுக்க இருவர், களத்தில் இறங்காமல் தொலைபேசி அருகிலேயே இருக்கும் ஒருவர். கடைசியாகச் சொன்னவரின் எண்ணையும் வழக்கறிஞரின் எண்ணையும் ஒவ்வொருவரும் பேனாவால் கையில் எழுதிக்கொள்ள வேண்டும். போனைப் பறித்துவிட்டால் மனப்பாடமாக எந்த எண்ணும் யாருக்கும் நினைவிருக்காது. போனில் விரல்ரேகை, முகத் திறப்பை அணைத்து ஆறிலக்கத்துக்கு மேல் கடவுஎண் வையுங்கள். படம் பதிவேற்றுவதற்கு முன் முகங்களை மறையுங்கள். ஆனால் அசல் கோப்பைத் தொடாமல் தனியாகச் சேமியுங்கள், வழக்கென்று வந்தால் திருத்தாத கோப்புதான் சாட்சி.

அனுமதி, அறிவிப்பு பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். எங்கே என்றாலும் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காவிட்டால் பேச்சாளர் ஆறேழு சொல்லாகச் சொல்லச் சொல்லச் சுற்றியிருப்பவர்கள் உரக்கத் திருப்பிச் சொல்லிப் பின்வரிசைக்குக் கடத்தலாம். 2011இல் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பில் இப்படித்தான் சமாளித்தார்கள். நீண்ட உரைகள் தாமாகவே ஒழிந்துபோகும் என்பது இதன் கூடுதல் வசதி.

எத்தனை மணிக்கு முடியும் என்று முன்பே அறிவித்து, அந்த மணிக்கு முடியுங்கள். அடிதடி நடப்பது பெரும்பாலும் கூட்டம் அதிகாரபூர்வமாக முடிந்தபின், என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் மட்டும் நிற்கும் நேரத்தில்.

ஒத்திகை

அடிவாங்கும்போது திருப்பி அடிக்காமல் இருப்பது சுபாவம் அல்ல, பயிற்சி. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், கறுப்பின மக்களுக்கு உணவு தர மறுத்த உணவகங்களில் போய் அமரவிருந்த மாணவர்களுக்கு 1959-60இல் ஜேம்ஸ் லாசன் வாரக்கணக்கில் ஒத்திகை நடத்தினார். சிலர் உணவகத்தில் அமர்ந்திருப்பவர்களாக, சிலர் திட்டுபவர்களாக, முடியைப் பிடித்து இழுப்பவர்களாக, மேலே எதையாவது ஊற்றுபவர்களாக நடித்தார்கள். பிப்ரவரியில் உண்மையாகவே அது நடந்தபோது மாணவர்கள் நிலைகுலையவில்லை. மே மாதம் உணவகங்கள் கறுப்பின மக்களுக்கும் திறந்துவிட்டன.

இரண்டு மணி நேர ஒத்திகை போதுமானது. பத்துப் பேர் போராடுபவர், பத்துப் பேர் தாக்குபவர், பாதியில் மாறிக்கொள்ள வேண்டும். யாரால் கோபத்தை அடக்க முடியவில்லை என்று தெரியும். அவரைத் திட்டாதீர்கள், அவருக்குத் தண்ணீர் விநியோகமோ தொலைபேசிப் பொறுப்போ கொடுங்கள். பதற்றம் ஏறினால் எல்லாரும் உட்கார வேண்டும் என்று ஒரு சைகையைப் பழக்குங்கள். உட்கார்ந்த கூட்டத்தில் யார் நிற்கிறார், யார் கையில் கல் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தூண்டிவிட அனுப்பப்பட்டவரும் சேர்ந்துதான் தெரிவார்.

ஒரு சம்பவம் முழு இயக்கத்தையும் நிறுத்தலாம். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல்நிலையத்துக்குத் தீவைத்ததில் 22 காவலர்கள் இறந்தார்கள். காந்தி நாடு முழுவதும் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திவைத்தார். அது சரியா என்று இன்றுவரை சண்டை இருக்கிறது. நடத்துபவர்கள் அந்தச் சண்டைக்குள் போக வேண்டியதில்லை. எங்கோ ஓரிடத்தில் கைமீறினால் என்ன சொல்வோம், யார் சொல்வார்கள் என்பதை மட்டும் முன்பே எழுதிவைத்திருந்தால் போதும்.

தலைவர் கைதானால்

இது "ஆனால்" அல்ல, "ஆகும்போது". மூன்றாம் வரிசை வரைக்கும் பெயர்கள் தயாராக இருக்க வேண்டும். 1930 மே மாதம் காந்தி கைதானதும் அப்பாஸ் தயாப்ஜி வந்தார், அவரும் கைதானதும் சரோஜினி நாயுடு வந்தார். மே 21இல் தாராசனா உப்பு ஆலை நோக்கிய நடை நின்றுபோகவில்லை. வைக்கத்தில் 1924 மார்ச் 30 முதல் நாளுக்கு மூன்று பேர் மட்டும் தடைப்பலகையைத் தாண்டிப் போனார்கள். கூட்டமாகப் போயிருந்தால் ஒரே நாளில் எல்லாரும் சிறைக்குள் இருந்திருப்பார்கள். கேரளத் தலைவர்கள் அடுத்தடுத்து கைதானபோது பெரியாரை அழைத்தார்கள், அவர் போய் முன்னின்றார். சங்கிலி அறுந்துபோகாமல் அடுத்த கண்ணியைக் கோத்துக்கொண்டே இருந்தார்கள்.

பணம், சோர்வு

பணத்தகராறும் இயக்கங்களைக் கலைத்துவிடும். இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாத கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, வாரம் ஒருமுறை எல்லாரும் பார்க்கும் சுவரில் வரவு செலவு. கணக்கு எழுதுபவரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நேர்மையானவர் என்பதால் விதிவிலக்கு கொடுத்தீர்களானால் முதல் வதந்தியில் அவரைக் காப்பாற்ற உங்களிடம் எதுவும் இருக்காது.

சோர்வைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் யாருக்கும் போராட்ட வேலை கிடையாது என்று விதி வையுங்கள். எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே ஆள் தேநீர் போடுகிறாரா, அவர் எப்போதும் பெண்தானா என்றும் கவனியுங்கள். விடுதலை பேசுகிற மேடைக்குப் பின்னால் இதுதான் பல இடங்களில் நடக்கிறது; ஆறாவது மாதம் அவர்கள் வரமாட்டார்கள்.

பேச்சுவார்த்தை

அழைப்பு வந்ததும் போராட்டத்தை நிறுத்தாதீர்கள். பேச்சு நடக்கக் காரணமே அது. மூன்று முதல் ஐந்து பேர் போங்கள். தனியாக யாரும் போகக் கூடாது, "நீங்கள் மட்டும் ஒரு நிமிடம் உள்ளே வாருங்கள்" என்றால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். ஒருவர் பேச, ஒருவர் சொல்லுக்குச் சொல் எழுத, ஒருவர் அவர்களுடைய முகத்தையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். எந்தப் புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை உறுப்பினர்களிடம் வாக்கெடுத்து முடிவுசெய்துகொண்டு போங்கள். புதிய முன்மொழிவு வந்தால் "எங்கள் ஆட்களைக் கேட்டுச் சொல்கிறோம்" என்பதே பதில், எவ்வளவு நல்ல முன்மொழிவாக இருந்தாலும்.

போலந்தின் கதான்ஸ்க் கப்பல்தளத்தில் 1980 ஆகஸ்ட் 14இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை முழுக்கப் படிக்க வேண்டும். ஆகஸ்ட் 16இல் நிர்வாகம் சம்பள உயர்வு தந்தது, வேலைநிறுத்தத் தலைவர் லேக் வவேன்சா முடித்துவிட்டதாக அறிவித்தார், ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். ஆதரவாக நிறுத்தம் செய்த சிறிய நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அன்னா வாலென்டினோவிச், அலினா பியென்கோவ்ஸ்கா உள்ளிட்ட பெண்கள் வாயிலுக்கு ஓடிப்போய் ஆட்களைத் தடுத்துத் திருப்பினார்கள். அடுத்து எல்லா ஆலைகளுக்கும் பொதுவான குழு அமைந்தது, 21 கோரிக்கைகள் எழுதப்பட்டன, முதலாவது சுதந்திரத் தொழிற்சங்கம். அரசுப் பிரதிநிதிகளோடு நடந்த பேச்சு ஒலிபெருக்கி வழியாகத் தளத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. ரகசியச் சமரசத்துக்கு இடமே இல்லை. ஆகஸ்ட் 31இல் ஒப்பந்தம். பிரித்தாளும் முன்மொழிவு எப்போதும் வலுவான பிரிவுக்குத்தான் முதலில் வரும். அதைப் பேரத்துக்கு முன்பே உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: என்ன, யார், எந்தத் தேதிக்குள், நிறைவேறியதை யார் சரிபார்ப்பது, போராடியவர்கள்மேல் நடவடிக்கை கூடாது, போட்ட வழக்குகள் என்னவாகும், தவறினால் அடுத்து என்ன. வாய்மொழி உறுதிக்குப் போராட்டத்தை முடிக்காதீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாண்ட்கமரி பேருந்துப் பாகுபாடு செல்லாது என்று 1956 நவம்பர் 13இல் உறுதிசெய்தது. மக்கள் உடனே பேருந்தில் ஏறவில்லை. ஆணை ஊருக்கு வந்துசேர்ந்த டிசம்பர் 20 வரை நடந்தே போனார்கள்.

பாதி கிடைத்தால் எடுத்துக்கொள்வதா? எடுத்துக்கொள்ளலாம், பாதி என்று உரக்கச் சொல்லிவிட்டு. வைக்கத்தில் 1925 நவம்பரில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் மூன்றுதான் எல்லாருக்கும் திறந்தன, கிழக்குச் சாலை திறக்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12இல். இடையில் பதினோரு ஆண்டு. "முழு வெற்றி" என்று அறிவித்துவிட்டால் மீதிக்குத் திரும்ப ஆள் சேர்க்க முடியாது. "தோல்வி" என்று சொன்னால் வாங்கியதும் கைநழுவும். எது வந்தது, எது வரவில்லை, மீதியை எப்போது மறுபடி எடுப்போம் என்று மூன்று வரியில் துண்டறிக்கை போட்டு, பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தொடர்பாளர் கையால் போய்ச்சேரட்டும்.

ஒப்பந்தத் தேதியிலிருந்து 30ஆம் நாள், 60ஆம் நாள், 90ஆம் நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் இருவர் பெயரை எழுதுங்கள். அவர்கள் போய்ப் பார்த்து, படம் எடுத்து, அன்று மாலையே எழுத்தில் கொடுக்க வேண்டும். இரவு மருத்துவர் வேண்டும் என்று கேட்டிருந்தால் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் இரவு 9 மணியல்ல, அதிகாலை 3 மணி.